வரிசையில் நிற்கச் சொல்லித்தரக் கட்டணமா?

கேள்வி: என் பேரன் எல்.கே.ஜி. படிக்கிறான். ஆறு மாதமாகியும் அ, ஆ முழுதாக வரவில்லை. 'வரிசையில் நில், உன் முறை வரும்வரை பொறு, சாப்பிடுமுன் கை கழுவு' என்று இதையேதான் சொல்லித்தருகிறார்களாம். இதற்கா இவ்வளவு கட்டணம்?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: இதற்குத்தான். அ, ஆவை நீங்களே மடியில் உட்காரவைத்துச் சொல்லித்தந்துவிடலாம். 'உன் முறை வரும்வரை பொறு' என்பதை மட்டும் உங்களால் முடியாது. உங்கள் வீட்டில் எப்போதும் அவன் முறைதானே? அவன் வாய் திறக்கும் முன்பே எடுத்து நீட்டுகிற தாத்தா நீங்கள் என்று கேள்வியைப் படித்தாலே தெரிகிறது.

வகுப்பில் இருபது பேர், ஊஞ்சல் ஒன்று. தன் உயரமே இருக்கிற இன்னொருவனுக்கும் அதே ஆசை உண்டு, அவன் விட்டுத்தர மாட்டான் என்ற அதிர்ச்சிச் செய்தி பேரனுக்கு அங்கேதான் கிடைக்கிறது. முதலில் அழுகை, தள்ளுமுள்ளு. அப்புறம் ஒருவழியாக வரிசை. அது இல்லையென்றால் ஊஞ்சல் முரட்டுப் பையனுக்கே சொந்தம். நோஞ்சான் பிள்ளை கடைசிவரை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

பெரிய அளவிலும் இதுதான் கதை. ஊரில் யார் முன்னால், யார் பின்னால் என்று பிறப்பை வைத்து ஏற்கெனவே ஒரு வரிசை இருந்தது. 1956இல் காமராஜர் ஆட்சியில் விரிந்த மதிய உணவுத் திட்டம், எல்லாப் பிள்ளைகளையும் ஒரே சோற்றுக்கு ஒன்றாக உட்காரவைத்தது. எல்லா ஊரிலும் அது சுலபமாக நடந்துவிடவில்லை. ஆனாலும் பழைய வரிசையைக் கலைக்கப் பள்ளிக்கூடம் ஒரு புது வரிசை போட்டது.

சரி, அதற்காகப் பள்ளிகளுக்கு முழு நற்சான்றிதழ் தருவதாக இல்லை. 'விரலை வாயில் வை, கையைக் கட்டு' என்பதையும் இதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். அது பிள்ளைக்கான பாடமே இல்லை, ஆள் பற்றாக்குறை. அதிலும் நம் ஊருக்குப் பங்கு உண்டு. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை மற்ற பிள்ளைகளை மேய்ப்பான். 1789 வாக்கில் எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பிலிருந்த ஆண்ட்ரூ பெல், இங்கே பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். பெரிய மாணவனைக் கொண்டே சின்னவனுக்குக் கற்பித்து, 1797இல் அதை நூலாகவும் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்தில் அது பரவியது. காரணம், செலவு குறைவு. ஓரிரு ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கான பிள்ளைகளைச் சமாளிக்க வேண்டுமென்றால் அமைதி கட்டாயம்.

இன்றும் நாற்பது வாண்டுகளோடு தனியாக மாட்டிக்கொண்ட ஆசிரியை மேல் எனக்குக் கோபம் வராது. ஒரு மணி நேரம் இருந்தால் நானும் விரலை வாயில் வைக்கத்தான் சொல்வேன். அதை ஒழுக்கம் என்று ரேங்க் கார்டில் எழுதாதீர்கள், அவ்வளவே. கைகட்டி வாய்பொத்தி யார் முன்னால் யார் நின்றார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

ஆகவே பேரனிடம் விசாரியுங்கள்: வரிசையில் ஒருவன் இடித்துக்கொண்டு முன்னே போனால் மிஸ்ஸிடம் சொல்ல முடிகிறதா? சொன்னால் மிஸ் காது கொடுக்கிறாரா? இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் பள்ளியை மாற்றாதீர்கள். அதன் பிறகும் கட்டணம்தான் உறுத்துகிறது என்றால், பக்கத்துத் தெரு அங்கன்வாடியில் இதே பாடம் இலவசம். மத்தியானம் சாப்பாடு உண்டு, முட்டையோடு.