பள்ளி கேட்கிற அந்தக் கடிதம்

கேள்வி: என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஜூனில்தான் இந்தப் பள்ளியில் சேர்த்தோம். ஒரு மாதமாகக் காலை ஆனால் வயிற்றுவலி, குமட்டல். பத்து மணிக்கு மேல் சரியாகிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றுமே இல்லை. டாக்டரிடம் காட்டி ஸ்கேனும் எடுத்தோம், வயிற்றில் கோளாறு இல்லை என்றார். "மனநல டாக்டரிடம் காட்டிக் கடிதம் கொண்டுவாருங்கள், முடியாவிட்டால் டிசி வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறது பள்ளி. கணவர் குவைத்தில் இருக்கிறார். பள்ளிக்கு வந்துபோகிற ஒருவர் எட்டாயிரம் ரூபாய்க்கு டெஸ்ட் எடுத்துச் சான்றிதழும் தருவதாகச் சொல்கிறார். ஆசாரிபள்ளம் பெரியாஸ்பத்திரிக்குப் போனால் பிள்ளையின் பெயர் பதிவாகி டிசியில் ஏறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்ய?
- கருங்கல் பக்கத்திலிருந்து ஒரு தாய்

பதில்: ஏறாதும்மா. முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். டிசியில் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம், படித்த வகுப்பு, நடத்தை என்று கட்டங்கள் இருக்கும். நடுவில் 'மருத்துவ ஆய்வுக்குச் சென்றாரா' என்றும் ஒரு கட்டம் உண்டு. பல பெற்றோர் அதைப் பார்த்துத்தான் மிரண்டுபோகிறார்கள். போனாரா இல்லையா என்பது மட்டுமே அதில் வரும். நோயின் பெயர் எழுத அங்கே இடமே கிடையாது. ஆஸ்பத்திரி ஓ.பி. சீட்டு உங்கள் கையில் இருக்கிற காகிதம், பள்ளிக்குப் போகிற காகிதம் அல்ல. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது.

பள்ளி கேட்கும் கடிதத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 'இந்த மாணவருக்கு இன்ன நோய்' என்று பள்ளிக்கு எழுதித் தர வேண்டியதில்லை. பள்ளி என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அதில் வேண்டும். இரண்டு வாரத்துக்கு அரை நாள் வரட்டும், வகுப்பில் எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டாம், வயிறு வலித்தால் இன்ன ஆசிரியரிடம் போய்ப் பத்து நிமிடம் உட்காரட்டும். இவ்வளவு போதும். டாக்டரிடம் இதை நீங்களே கேட்கலாம், தவறாக நினைக்க மாட்டார்.

இனி அந்த எட்டாயிரம் ரூபாய்க்காரர். இப்படிப்பட்ட ஆட்களை மார்த்தாண்டம் முதல் நாகர்கோவில் வரை இத்தனை வருடமாகப் பார்த்துக்கொண்டேயிருக்கிறேன். பெற்றோர் கூட்டத்தில் லேப்டாப்போடு வந்து உட்காருவார்கள். பிள்ளையின் பத்து விரலிலும் ரேகை எடுத்து, மூளையின் எந்தப் பக்கம் பலம், எந்தப் படிப்பு ஒத்துவரும் என்று நாற்பது பக்கத்துக்கு வண்ணத்தில் அச்சடித்துத் தருவார்கள். கைரேகையைப் பார்த்துப் பிள்ளையின் மனசையோ அறிவையோ அளக்க முடியாது. அதற்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை. வேறு சிலர் மூளைக்கு ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொல்வார்கள். வலிப்பு இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் அது தேவை. காலையில் வரும் வயிற்றுவலிக்கு எதற்கு? 'கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வாங்கித் தருகிறேன், பத்தாம் வகுப்புப் பரீட்சையில் கூடுதல் நேரம் கிடைக்கும்' என்று வருகிறவரும் உண்டு. அந்தச் சலுகை உண்மை. ஆனால் சான்றிதழ் அரசு மருத்துவமனையில் பரிசோதித்துத் தருவது, அதற்குத் தரகர் வேண்டாம்.

'கவுன்சிலர்' என்று பலகை மாட்டியிருப்பதை மட்டும் வைத்து யாரையும் நம்பிவிடாதீர்கள். மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து மனநலத்தில் மேல்படிப்புப் படித்திருக்க வேண்டும். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்க வேண்டும். கூச்சப்படாமல் எண்ணைக் கேளுங்கள். படித்தவர் உடனே சொல்லிவிடுவார். கோபப்படுகிறவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, பணம் கட்ட வேண்டாம். தூரமாக இருந்தால் தக்கலை அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் எந்தக் கிழமை பார்க்கிறார் என்று முன்பே விசாரித்துவிட்டுப் போங்கள். போகும்போது ஒரு காகிதம் வேண்டும். வகுப்பாசிரியரிடம் நான்கு வரி எழுதி வாங்குங்கள்: எந்த நாளெல்லாம் வரவில்லை, எந்தப் பாடவேளையில் முகம் மாறுகிறது, யாரோடு உட்காருகிறான், யாரைக் கண்டால் ஒதுங்குகிறான். ஓ.பி.யில் பத்து நிமிடத்தில் பிள்ளை வாய் திறக்க மாட்டான். இந்த நான்கு வரி இருந்தால் எங்கே தொடங்குவது என்று டாக்டருக்குத் தெரியும்.

இதையெல்லாம் பள்ளியும் ஆஸ்பத்திரியும் தாங்களே பேசி முடிக்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும். பள்ளியிலிருந்து ஆஸ்பத்திரிக்கோ அங்கிருந்து பள்ளிக்கோ ஒரு கடிதம் தானாகப் போய் நான் பார்த்ததில்லை. எல்லாவற்றுக்கும் பிள்ளையின் அம்மாதான் தபால்காரர். பள்ளி மாணவர் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு வருடத்துக்கு ஒரு முறை அரசுப் பள்ளிகளுக்கும் உதவிபெறும் பள்ளிகளுக்கும் வருகிறது. கண், பல், இரத்தசோகை எல்லாம் பார்க்கிறார்கள், நல்ல வேலைதான். ஆனால் பள்ளிக்கே வர முடியாத பிள்ளை அன்றைக்கும் வீட்டில்தானே படுத்திருப்பான்? வராதவன் பட்டியலை எடுத்துக்கொண்டு யாரும் வீட்டுக்கு வருவதில்லை. 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் அடித்த பிறகு தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைக் கரையில் ஆறுதல் சொல்ல எத்தனையோ குழுக்கள் வந்தன. அப்பாவைக் கடலில் இழந்த ஒரு பையன் ஒரே கதையை மூன்று குழுவிடம் சொன்னான், மூன்று படிவமும் நிரம்பியது. அடுத்த ஜூனில் அவன் பள்ளிக்குப் போக மாட்டேன் என்று நின்றபோது அந்த மூன்றில் ஒன்றும் ஊரில் இல்லை. இன்றும் அதை நினைத்தால் ஆறவில்லை.

அதனால்தான் முதலில் ஊரில் இருக்கிறவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன். கிராம சுகாதார செவிலியர், அதே பள்ளியில் படிக்கிற பக்கத்து வீட்டு அண்ணன், கோயிலிலோ சர்ச்சிலோ பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஒருவர் என்று யாராவது ஒருவர் தினமும் கேட் வரைக்கும் கூட நடந்தால் போதும். அவருக்கு நோய் விவரம் எதுவும் தெரிய வேண்டியதில்லை.

ரகசியம் என்று மேலே சொன்னேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு, அதை நிறுத்திச் சொல்ல வேண்டும். யாராவது தன்னைத் தவறாகத் தொட்டார்கள் என்று பிள்ளை டாக்டரிடமோ ஆசிரியரிடமோ உங்களிடமோ சொன்னால், அது அறைக்குள் நிற்காது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டப்படி, விஷயம் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாமல் மறைப்பதே குற்றம். ஆண் பிள்ளைக்கும் அதே சட்டம்தான். 'பையன்தானே' என்று விடுகிற வீடுகள் இங்கே நிறைய. செய்தவர் வேன் டிரைவர், டியூஷன் மாஸ்டர், மூத்த மாணவன், உறவுக்காரர், ஊரே கும்பிடுகிறவர் என்று யாராக இருந்தாலும் அதுதான் நிலை. நிர்வாகத்தில் ஒருவர் வந்து "நமக்குள்ளே பேசித் தீர்த்துக்கலாம், பிள்ளை பெயர் கெட்டுவிடும்" என்பார். பேசித் தீர்க்கிற விஷயம் அல்ல அது. நீங்களே சம்மதித்தாலும் சட்டம் சம்மதிக்காது. நிறுவனத் தலைவர் மறைத்தால் அவருக்கு ஓராண்டு வரை சிறை. பிள்ளையை ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போக வேண்டியதும் இல்லை. வீட்டிலேயே வைத்து, சீருடை இல்லாமல் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும், ராத்திரியில் ஸ்டேஷனில் வைக்கக் கூடாது. என்ன செய்வதென்று தெரியாவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். உங்கள் மகனுக்கு இது நடந்திருக்கிறது என்று நான் சொல்லவில்லை. புதுப் பள்ளி, புது வகுப்பு, கேலி செய்கிற ஒருவன், இவையே பெரும்பாலும் காரணமாக இருக்கும். ஆனாலும் ஒரு முறை தனியாக, திட்டாமல் கேட்டுவிடுங்கள்.

பள்ளி டிசி என்று மிரட்டும்போது ஒரு தந்திரம் நடக்கும். 'சொந்த விருப்பத்தில் டிசி வேண்டும்' என்று உங்களிடமே எழுதி வாங்குவார்கள். எழுதிவிட்டால் அப்புறம் பேச ஒன்றும் இல்லை. கையெழுத்துப் போடாதீர்கள். மிரட்டல் தொடர்ந்தால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணில் சொல்லலாம்.

சிகிச்சை தொடங்கும்வரை வீட்டிலேயே இருக்கட்டும் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். நாள் கூடக் கூடத் திரும்பிப் போவது கஷ்டமாகும். முதல் நாள் இரண்டு பீரியட் போதும், அப்புறம் மதியம் வரை, அப்புறம் முழு நாள். வீட்டில் இருக்கும் நேரத்தில் போனும் டிவியும் வேண்டாம், புத்தகம் மட்டும். ராத்திரியில் "செத்துப்போகலாம்போல இருக்கு" என்கிற மாதிரி ஏதாவது சொன்னால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். அவனைத் தனியே படுக்க விடாதீர்கள், காலையில் முதல் வேலையாக ஆஸ்பத்திரி.

டாக்டர் தரும் கடிதத்தைப் பள்ளியில் கொடுப்பதற்கு முன் ஜெராக்ஸ் எடுத்து, அந்த நகலில் அலுவலகக் கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.