வேலைக்குப் போன மகளோடு ஒரு நாள்: காலையில் கொக்கு, மதியம் கேரம்

"வேலைக்குப் போன பிறகு அப்பாவிடம் 'சாப்டீங்களா', 'மாத்திரை போட்டீங்களா' என்பதைத் தாண்டிப் பேச எதுவும் இல்லை. ஊருக்குப் போகும்போது ஒரு நாள் முழுக்க அவரோடு சேர்ந்து என்ன செய்யலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் அப்பாக்கள் பக்கத்து ஆள். மகள் பெங்களூரில் வேலை பார்க்கிறாள், நாங்கள் செங்கல்பட்டில் இருக்கிறோம். எங்கள் வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன், உங்களுக்கு எது ஒத்துவருகிறதோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சினிமாவும் மாலும் வேண்டாம். சினிமாவில் பேச முடியாது. மாலில் அப்பாக்கள் விலைச்சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதோடு சரி. இரண்டு பேரில் யார் சொல்வது சரி என்று மூன்றாவதாக ஒன்று தீர்ப்புச் சொல்கிற மாதிரி ஒரு வேலையைப் பிடியுங்கள். அப்பா என்ற அதிகாரமும் அங்கே செல்லக்கூடாது, "பாவம், வயசாயிடுச்சு" என்ற சலுகையும் செல்லக்கூடாது. எங்களுக்கு அப்படி இரண்டு இருக்கின்றன.

காலையில் வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம். ஆறு மணிக்குத் திறப்பார்கள். இருட்டோடு கிளம்பி, படாளம் கூட்டு ரோட்டில் டீ குடித்துவிட்டுத் திரும்பினால் நேரம் சரியாக இருக்கும். ஏரிக்கரையில் நடைபாதை, ஒரு கண்காணிப்புக் கோபுரம், தண்ணீருக்குள் நிற்கிற மரங்கள், மரம் கொள்ளாத பறவைகள். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், பாம்புத்தாரா, வக்கா என்று ஒரே கிளையில் நாலு சாதி உட்கார்ந்திருக்கும். எச்சம் கரைந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தலைமுறைகளாகத் தெரியும். பறவைகளைக் காக்கும் உரிமையை 1798-லேயே அன்றைய கலெக்டர் லயனல் பிளேஸ் ஊராருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது 2022-ல்தான்.

பார்த்த பறவைகளைப் பதிவு செய்கிற ஈபேர்ட் செயலியில் மகள் போனிலேயே பட்டியல் போடுவாள். நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதுவேன். கரையை விட்டு இறங்குமுன் இரண்டையும் ஒப்பிட்டாக வேண்டும். சண்டை அங்கேதான்.

போன தடவை ஒரு வெள்ளைக் கொக்கு. அவள் நடுத்தரக் கொக்கு என்றாள், நான் பெரிய கொக்கு என்றேன். சின்னக் கொக்காக இருந்தால் பிரச்சினையே இல்லை: கறுப்பு அலகு, கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள். நடுத்தரமும் பெரியதும்தான் ஆளைக் குழப்பும். இரண்டுக்கும் மஞ்சள் அலகு, இனப்பெருக்கக் காலத்தில் அதுவும் கறுத்துப்போகும். பக்கத்தில் ஒப்பிட வேறு கொக்கு இல்லாவிட்டால் உயரத்தையும் நம்ப முடியாது. பார்க்க வேண்டியது வாய்க்கோடு. அலகு பிளக்கிற அந்தக் கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு, கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு.

"கழுத்தைப் பாருங்கப்பா, குட்டையா இருக்கு."

"கழுத்தை மடக்கி வெச்சிருக்கும்மா. கோட்டைப் பாரு."

அவள் கேமராவில் எடுத்து, திரையில் பெரிதாக்கி, வெயில் படாமல் துப்பட்டாவால் மூடிக்கொண்டு பார்த்தாள். கோடு கண்ணைத் தாண்டி இருந்தது. ஒன்றும் பேசாமல் போனில் திருத்தினாள். "டிபன் என் செலவு" என்றாள். ஆபீசில் அவளுக்குக் கீழே ஆட்கள் வேலை செய்கிறார்கள். வீட்டில் நான் ஒன்று சொன்னால் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு அவள் இஷ்டப்படிதான் செய்வாள். ஏரிக்கரையில் மட்டும் அந்தப் போலிச் "சரிப்பா" கிடையாது.

அங்கே மஞ்சள் மூக்கு நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுக்கு நிழல் கொடுத்து நிற்பதைப் பார்க்கலாம். அதைக் காட்டி அப்பாக்களைப் பற்றி நான் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் மகள் முறைப்பாள். நியாயம்தான், அது கேட்டுப் புளித்த வசனம்.

வெயில் ஏறியதும் பறவைகள் அடங்கிவிடும், நாங்களும் வீடு திரும்பிவிடுவோம். சாப்பாடு, ஒரு குட்டித் தூக்கம். பிறகு பரணில் இருந்து கேரம் போர்டு இறங்கும்.

கேரமில் நான் போட்ட ஒரே நிபந்தனை, விட்டுக்கொடுக்கக் கூடாது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது நான் வேண்டுமென்றே ஃபைன் கொடுத்துத் தோற்றிருக்கிறேன். அந்தக் கடனை அவள் இப்போது திருப்பிக் கொடுக்கக் கூடாது. கொடுப்பதும் இல்லை. போரிக் பவுடரைத் தூவி, ஸ்டிரைக்கரைக் கோட்டில் வைத்து, 'ரெட்' என்கிற சிவப்புக் காயைப் போட்டு, அதை உறுதி செய்யும் ஃபாலோ காயையும் அடுத்த சுண்டலிலேயே போட்டுவிட்டு நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள். ரிவர்ஸ் ஷாட் நான் சொல்லிக் கொடுத்தது, இன்று என்னைவிட அவளுக்குத்தான் நன்றாக வருகிறது. அவ்வப்போது மரிய இருதயம் காலத்துக் கதைகளை நான் எடுத்துவிடுவேன். 1991, 1995 இரண்டிலும் உலக சாம்பியன், நம்ம சென்னைக்காரர். அவள் பதிலுக்கு 2024-ல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கிவந்த காசிமேட்டுக் காசிமாவைச் சொல்வாள். அதில் என் வாய் அடைத்துவிடும்.

வேலை மாறப்போவதாக அவள் என்னிடம் சொன்னது ஒரு போர்டுக்கும் அடுத்த போர்டுக்கும் நடுவில், காய்களை அடுக்கிக்கொண்டே. போனில் சொல்லியிருந்தால் பி.எஃப். என்ன ஆகும், நோட்டீஸ் எவ்வளவு நாள் என்று குடைந்திருப்பேன். அன்று என் சுண்டல் முறை, அதனால் "நல்லா யோசிச்சியா?" என்று மட்டும் கேட்டேன். "யோசிச்சேன்" என்றாள். முடிந்தது.

உங்கள் அப்பாவுக்குப் பறவை பிடிக்காது, கேரம் தெரியாது என்றால் குறுக்கெழுத்தோ சதுரங்கமோ எதுவானாலும் பரவாயில்லை. அவருக்குப் பழைய வால்வு ரேடியோ பழுதுபார்க்கத் தெரியும் என்றால் இன்னும் நல்லது, பாடுகிறதா இல்லையா என்பதை ரேடியோவே சொல்லிவிடும். புகைப்படம் எடுப்பதை மட்டும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். "நல்லா இருக்கு" என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொள்வதிலேயே பொழுது போய்விடும்.

வேடந்தாங்கல் போவதானால் டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். வடகிழக்குப் பருவமழை ஏமாற்றிய வருஷத்தில் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். எட்டுக்கு நாற்பத்திரண்டு (8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மி.மீ. லென்ஸ்) பைனாகுலர் போதும், ஆளுக்கு ஒன்று இருந்தால் பிடுங்கல் இருக்காது. காணும் பொங்கல் அன்று மட்டும் போகாதீர்கள், கரை முழுக்கக் கூட்டமாக இருக்கும். அன்றைக்கு வீட்டிலேயே கேரம் ஆடலாம்.