கோலார் மாட்டை டெல்டாவுக்குக் கொண்டுவர: சான்றிதழை யார் தர வேண்டும், அது எதைச் சொல்லும்?

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "கர்நாடகாவில் கோலார் பக்கம் இரண்டு கலப்பினக் கறவை மாடுகள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கன்று போட்டுப் பத்து நாள் ஆகிறது. இன்னொன்று இந்த வாரத்தில் ஈன்றுவிடும் என்கிறார்கள். வண்டியில் ஏற்ற டாக்டர் சான்றிதழ் வேண்டுமாம். எங்கள் ஊர் கால்நடை ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொண்டு போகலாமா? மாட்டைக் காட்டாமலே வாங்கித் தருவதாகத் தரகர் சொல்கிறார். சான்றிதழ் இருந்தால் நல்ல மாடு என்று நம்பலாம்தானே?"

உங்கள் ஊரில் வாங்கிக்கொண்டு போக முடியாது. மாடு எங்கே நிற்கிறதோ அங்கே இருக்கும் பதிவு பெற்ற கால்நடை மருத்துவர், அதை நேரில் பரிசோதித்து எழுதித் தருவதுதான் சான்று. கண்ணால் பார்க்காத மாட்டுக்கு உங்கள் டாக்டர் கையெழுத்துப் போட்டால் அவருக்கும் வம்பு, உங்களுக்கும் வம்பு.

1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1978இல் விலங்குகள் போக்குவரத்து விதிகள் வந்தன. அதில் 46 முதல் 56 வரையுள்ள விதிகள் மாடுகளுக்கானவை. சான்றிதழுக்கென்று அதிலேயே ஒரு படிவம் இருக்கிறது. வண்டி கிளம்புவதற்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் இந்த மாட்டைப் பார்த்தேன், பயணத்தைத் தாங்கும் நிலையில் இருக்கிறது, தொற்று நோய்க்கோ ஒட்டுண்ணி நோய்க்கோ அறிகுறி இல்லை, தீவனமும் தண்ணீரும் போதுமான அளவு கொடுத்திருக்கிறார்கள், இன்ன தடுப்பூசி இன்ன தேதியில் போட்டிருக்கிறது என்று மருத்துவர் கையெழுத்திடுகிறார். பரிசோதித்த தேதியோடு நேரமும் அதில் இருக்க வேண்டும். அதனால் திங்கட்கிழமை சான்றிதழ் வாங்கி வைத்துவிட்டு, லாரி கிடைக்கவில்லை என்று புதன்கிழமை ஏற்றினால் அந்தத் தாள் செல்லாது. முதலில் வண்டியைப் பேசி முடியுங்கள். மதியத்துக்கு மேல் டாக்டரை வரச்சொல்லி, வெயில் தாழ்ந்ததும் ஏற்றினால் மாட்டுக்கும் நல்லது. அந்தப் படிவத்தில் வெக்கை நோய்த் தடுப்பூசி பற்றியும் ஒரு வரி வரும், பார்த்துப் பதற வேண்டாம். வெக்கை நோய் உலகத்திலிருந்தே ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவித்தாயிற்று. உங்களுக்கு வேண்டியது கோமாரி ஊசித் தேதியும், தோல் கழலை நோய் ஊசித் தேதியும்.

அப்புறம், உங்கள் இரண்டாவது மாடு. இந்த வாரம் ஈனப்போகிற மாட்டை இப்போது ஏற்றவே கூடாது. வழியில் ஈன வாய்ப்புள்ள மாட்டையும், ஈன்று 72 மணி நேரம் ஆகாத மாட்டையும், புதிதாய்ப் பிறந்த கன்றையும் ஏற்றக்கூடாது என்று 2001இல் சேர்த்த விதி சொல்கிறது. சட்டம் சொல்லும் மூன்று நாள் போதும் என்று நான் சொல்லமாட்டேன். நிறைய பால் கறக்கும் மாட்டுக்குப் பால் காய்ச்சல் வருவது பெரும்பாலும் ஈன்ற ஓரிரு நாளில்தான். நஞ்சுக்கொடி சரியாக விழுந்ததா, கருப்பையில் சீழ் பிடிக்கிறதா என்பது தெரியவும் நாளாகும். இரண்டு மூன்று வாரம் பொறுத்தால், சொன்ன பாலைக் கறக்கிறதா என்று இரண்டு வேளை நின்று பார்த்தும் வாங்கலாம். முன்பணம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

தரகர் சொல்லும் வழிக்குப் போகவே போகாதீர்கள். பரிசோதனை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறேன், பக்கத்தில் நின்று பாருங்கள். காய்ச்சல் மானி வைத்துப் பார்க்க வேண்டும். ஓய்வாக நிற்கும் மாட்டுக்கு 101.5 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும். வாயைத் திறந்து நாக்கு, ஈறு, மேலண்ணம் பார்க்க வேண்டும். குளம்புப் பிளவில் புண்ணோ ஆறிய தழும்போ இருக்கிறதா என்று காலைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கழுத்திலிருந்து தொடை வரை தோலை உள்ளங்கையால் தடவினால் கழலைக் கட்டிகள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரியும். காதின் உள்பக்கம், வாலடி, மடியிடுக்கு மூன்றும் உண்ணி ஒளியும் இடங்கள். நாலு காம்பிலும் முதல் பாலைக் கறுப்புத் துணியில் பீச்சினால் திரி திரியாக வருகிறதா என்று தெரியும். கடைசியாக நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். கால் மணி நேரமாவது பிடிக்கும் வேலை இது. மாட்டைப் பார்க்காமல் வரும் தாளில் இதில் ஒன்றுகூட நடந்திருக்காது. அந்தத் தாளோடு வருகிற கோமாரி உங்கள் கொட்டிலோடு நிற்காது, தெரு முழுக்கப் போகும்.

காது வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். டாக்டர் எழுதும்போது நீங்களே அதை உரக்கப் படியுங்கள். சான்றிதழ், விற்றவர் எழுதித் தரும் ரசீது, இன்சூரன்ஸ் மூன்றிலும் அதே எண் இருக்க வேண்டும். ஒரு இலக்கம் பிசகினாலும் வழியில் அது வேறு மாடு ஆகிவிடும். அந்த எண்ணை வைத்துத்தான் தடுப்பூசிப் பதிவையும் பார்க்கச் சொல்ல வேண்டும். கோமாரி ஊசி போட்டு ஆறு மாதம் தாண்டியிருக்கக் கூடாது, மூன்று வாரத்துக்குள்ளும் இருக்கக் கூடாது. விற்கிற அன்று காலையில் போட்ட ஊசி வழியில் காப்பாற்றாது, உடம்பில் எதிர்ப்புச் சக்தி ஏற நாள் பிடிக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தாலும் "நல்ல மாடுதானே" என்ற கேள்விக்குச் சான்றிதழ் பதில் சொல்லாது. அன்றைக்கு நோய் அறிகுறி இல்லை, பயணம் தாங்கும் என்பதோடு அதன் பேச்சு முடிந்தது. கன்று வீசும் புரூசெல்லா நோயும் காசநோயும் வெளியே ஒன்றும் காட்டாமல் உள்ளே இருக்கும். புரூசெல்லா மனிதருக்கும் தொற்றும், முக்கியமாக நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடுபவருக்கும் காய்ச்சாத பால் குடிப்பவருக்கும். இந்த இரண்டுக்கும் பரிசோதனை செய்து, முடிவைப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். மாட்டு விலையில் இந்தச் செலவு ஒரு தூசு.

வழியில் வண்டியை நிறுத்திக் கேட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. கர்நாடகாவின் 2020ஆம் ஆண்டுப் பசுவதைத் தடைச் சட்டம், வெட்டுக்காக மாட்டை வெளி மாநிலம் கொண்டுபோவதைத் தடுக்கிறது. வளர்க்க வாங்கிப் போவதை அது தடுக்கவில்லை. ஆனால் வளர்க்கத்தான் என்று காட்ட உங்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும். பால் சங்க உறுப்பினர் அட்டை, வங்கிக் கடன் கடிதம், ஊர் டாக்டரிடம் வாங்கிய ஒரு கடிதம் எது இருந்தாலும் அசலை எடுத்துப் போங்கள். வண்டியில் அனுப்புபவர், பெறுபவர் பெயர், முகவரி, தொலைபேசி எண், எத்தனை மாடு, எவ்வளவு தீவனம் என்று சிவப்பு எழுத்தில் பெரிதாக எழுதி ஒட்ட வேண்டும். இதுவும் விதிதான், பலரும் விட்டுவிடுகிறார்கள். ஏதாவது மாவட்டத்தில் நோய் பரவிக் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்திருந்தால் இந்தச் சான்றிதழ் மட்டும் போதாது. கிளம்பும் முன் இரண்டு பக்கமும் கால்நடைத் துறையில் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

வாடகை குறைகிறதே என்று சின்ன யானை என்கிற சிறிய சரக்கு வண்டியில் இரண்டையும் திணிக்காதீர்கள். ஒரு மாட்டுக்கு இரண்டு சதுர மீட்டர் வேண்டும். அந்த வண்டித் தளம் மொத்தமே சுமார் மூன்று சதுர மீட்டர்தான், ஒரு மாட்டுக்குத்தான் காணும். 14 அடி லாரி பேசினால் கன்றுகளையும் தடுப்பு வைத்துத் தனியாக நிறுத்தலாம். தளத்தில் தென்னை நார்ப் பாய் போட்டு மேலே வைக்கோல் பரப்புங்கள். மாடு இன்ஜின் பக்கம் பார்த்து நிற்கட்டும். கூட ஒரு ஆள், முதலுதவி மருந்து இரண்டும் கட்டாயம். வேறு சரக்கு ஏற்றக்கூடாது. ஓசூர், சேலம், நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர் என்று வரும்போது இரண்டு மூன்று இடத்திலாவது தண்ணீர் காட்டுங்கள்.

வந்து சேர்ந்ததும் உங்கள் பழைய மாடுகளோடு கட்டாதீர்கள். கோமாரி உடம்பில் புகுந்து இரண்டு வாரம் வரையும், தோல் கழலை நான்கு வாரம் வரையும் வெளியே தெரியாமல் இருக்கலாம். ஆகவே 28 நாள் தனிக் கொட்டில், தனி வாளி. பால் கறக்கும்போது பழைய மாடுகளை முதலில் கறந்துவிட்டுப் புது மாட்டுக்குப் போங்கள். கேழ்வரகுத் தாள் தின்ற மாட்டுக்கு நம் நெல் வைக்கோலைப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். வரும்போதே அங்கே தின்ற தீவனத்தில் இரண்டு மூட்டை வாங்கி வந்தால் உதவும்.

நம் மண்ணுக்கென்று ஒரு ஆபத்து உண்டு. மேட்டாங்காட்டில் வளர்ந்த மாடு, இங்கே வாய்க்கால் ஓரப் புல்லில் காத்திருக்கும் ஈரல் தட்டைப்புழுவைப் பெரும்பாலும் பார்த்திருக்காது. நத்தை வழியாக வரும் புழு அது. தாடைக்குக் கீழே நீர் கோத்து, மாடு இளைத்த பிறகுதான் பலர் டாக்டரிடம் வருகிறார்கள். முதல் வருஷம் வாய்க்கால் கரையிலும் தண்ணீர் நிற்கும் வயலிலும் மேய விடாதீர்கள், சாணத்தைப் பரிசோதித்துப் புழுமருந்து கொடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்பே தொண்டை அடைப்பானுக்கும் சப்பை நோய்க்கும் ஊசி போட்டுவிட வேண்டும். வீட்டுப் பாலும் எருவும்தான் தேவை என்றால், என்னைக் கேட்டால் நம் உம்பளாச்சேரி மாட்டையே சொல்வேன். சேற்றுக்கும் புழுக்கத்துக்கும் பழகிய உடம்பு அது. கேரளாவுக்கோ வேறு மாநிலத்துக்கோ உம்பளாச்சேரியை அனுப்புகிறவர்களுக்கும் இதே விதிகள்தான், அப்போது சான்றிதழ் தர வேண்டியது நம் ஊர் டாக்டர்.

முதல் வாரத்திலேயே காது வில்லை எண்ணின் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். அந்த 28 நாளுக்குள் எச்சில் ஒழுகினாலோ, நொண்டினாலோ, தோலில் கட்டி தெரிந்தாலோ 1962க்கு அழையுங்கள், அல்லது உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் அன்றே சொல்லுங்கள். இந்த நோய்களை மறைக்காமல் தெரிவிப்பது 2009ஆம் ஆண்டுத் தொற்று நோய்ச் சட்டப்படி மாட்டுக்காரரின் கடமை. மாட்டை வந்த வண்டியிலேயே திருப்பி அனுப்பவோ சந்தைக்கு ஓட்டவோ வேண்டாம், கட்டிய இடத்திலேயே வைத்து வைத்தியம் பாருங்கள்.