நாலு பிஎஸ்ஐ காற்றும் ஒற்றை விரல் கிளட்சும்

வணக்கம் அண்ணா,

லீட்ஸில் வேலை பார்க்கிறேன். ஊரில் புல்லட் ஓட்டியவன். பக்கத்து வீட்டுக்காரரோடு ஒரு ட்ரையல்ஸ் போட்டி (பாறையிலும் மேட்டிலும் கால் ஊன்றாமல் மெதுவாக ஓட்டும் பைக் போட்டி) பார்க்கப் போய், ஆசை பிடித்து, பழைய 250 சிசி டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்றை வாங்கிவிட்டேன். சீட்டே கிடையாது! பின் டயரில் காற்று 20 பிஎஸ்ஐ வைத்திருக்கிறேன், ஈரப் பாறையில் வழுக்குகிறது. காலையில் கிளட்சைப் பிடித்தபடி முதல் கியர் போட்டாலும் வண்டி பாய்கிறது. மெதுவாக மேடு ஏறினால் இன்ஜின் அணைந்துவிடுகிறது. 300 சிசியாக வாங்கியிருக்க வேண்டுமோ?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

300 வேண்டாம். 250-இல் அணைகிற உங்களுக்கு அதிலும் அணையும், விழும்போது அடி மட்டும் கொஞ்சம் பலமாக இருக்கும். ட்ரையல்ஸ் வீரர் சாமி மில்லர் பல வருடங்கள் 500 சிசி ஏரியல் பைக்கில் ஜெயித்தவர். 1964-இல் அதை விட்டுவிட்டு 250 வகுப்பு புல்டாகோ பைக்குக்கு மாறினார், 1965-இல் ஸ்காட்லாந்தில் ஆறு நாள் நடக்கும் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் ட்ரையலை அதில் வென்றார். நீங்கள் புல்லட்காரர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: 1952-இல் அதே போட்டியை ஜானி பிரிட்டன் வென்றது 350 சிசி ராயல் என்ஃபீல்ட் புல்லட்டில். 2019-இல் நம்மூரில் 'புல்லட் ட்ரையல்ஸ்' என்று ஒன்று விற்றார்களே, அதன் பெயர் அந்த வம்சத்தைச் சொல்லித்தான். 180 கிலோவுக்கு மேல் எடை, அது வேறு கதை. உங்கள் வண்டி 70 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும்.

இன்ஜின் அணைவதற்குக் காரணம் உங்கள் இடது கை. ரோட்டில் கியர் மாற்றும்போது மட்டும் கிளட்சைத் தொட்டுப் பழகியிருப்பீர்கள். இங்கே ஆள்காட்டி விரல் அதை விட்டு இறங்கவே கூடாது. இன்ஜினைக் கொஞ்சம் உயர்ந்த சுழற்சியில் பிடித்துக்கொண்டு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு போகவேண்டும் என்பதைக் கிளட்சால் அளந்து விடவேண்டும். அந்த விரல் பழகும்வரை பாறைப் பக்கமே போகாதீர்கள். சமமான புல்தரையில், நின்றபடி, நடக்கிற வேகத்துக்கும் குறைவாக எட்டுப் போடுங்கள். திரும்பும்போது வண்டியை உள்ளே சாய்த்து, உங்கள் எடையை வெளிப்பக்க ஃபுட்பெக்கில் வையுங்கள். செக்‌ஷனில் (புள்ளி போடும் பாதைத் துண்டு) கால் ஒருமுறை தரையில் பட்டால் 1 புள்ளி, இரண்டு முறை என்றால் 2, அதற்கு மேல் எத்தனை முறை பட்டாலும் 3. விழுந்தால் 5. நீங்கள் போகிற கிளப்பில் வண்டி நின்றாலே 5 என்று விதி இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். குறைந்த புள்ளி வாங்கியவருக்கு வெற்றி. இதில் வேகத்துக்கு எங்கே இடம்?

காலையில் பாய்வது பெரிய கோளாறு இல்லை. ராத்திரி முழுக்க நின்றதில் கிளட்ச் தகடுகள் ஒட்டிக்கொள்கின்றன. ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் கியரில் போட்டு, கிளட்சைப் பிடித்துக்கொண்டு, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள், விட்டுவிடும். சூடான பிறகும் இழுத்தால் கியர் ஆயிலைப் பாருங்கள். கையேட்டில் மெல்லிய ஆயில் சொல்லியிருக்க, முந்தைய ஆள் கெட்டியானதை ஊற்றியிருப்பார். பெரும்பாலான வண்டிகளில் அரை லிட்டரைச் சுற்றித்தான் பிடிக்கும், மாற்றக் கஞ்சப்படாதீர்கள்.

டயர் விஷயத்துக்கு வருவோம். 20 பிஎஸ்ஐயில் யார் ஓட்டினாலும் வழுக்கும். பின்னால் 4, முன்னால் 6, அங்கிருந்து ஆரம்பியுங்கள். அந்த மெத்தென்ற டயர், கல்லின் மேல் மடிந்து உட்கார்ந்து அதைக் கவ்வவேண்டும். பெட்ரோல் பங்க் கேஜ் இவ்வளவு குறைந்த அளவில் சொல்வதை நம்ப முடியாது. குறைந்த அழுத்தத்துக்கென்றே வரும் கேஜ் ஒன்று வாங்குங்கள். 300 சிசி ஆசையைவிட ரொம்ப மலிவு. இந்தக் காற்றோடு தார் ரோட்டில் மட்டும் ஓட்டவேண்டாம்.

பெட்ரோல் கலவையில் 'ஆயில் கூட இருந்தால் நல்லதுதானே' என்று பலர் தாராளம் காட்டுகிறார்கள். இது எப்போதும் தாழ்ந்த சுழற்சியில் ஓடும் இன்ஜின். கூடுதல் ஆயில் எரியாமல் பிளக்கைக் கறுப்பாக்கி, சைலன்சரையும் அடைக்கும். நல்ல சிந்தெடிக் ஆயில் என்றால் 5 லிட்டருக்கு 65, 70 மில்லி போதும், கையேடு வேறு சொன்னால் அதன்படி. வாரக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதானால் கார்புரேட்டரைக் காலி செய்துவிடுங்கள்.

கழுவும்போது பிரஷர் வாஷரை பேரிங்குகளின் பக்கம் காட்டாதீர்கள். முக்கியமாகப் பின் சஸ்பென்ஷன் லிங்கேஜ், அதாவது பின் ஷாக்கை இணைக்கும் மூட்டுகள். அது வண்டிக்கு அடியில், சேறும் தண்ணீரும் நேராக அடிக்கிற இடத்தில் இருக்கிறது. பழைய வண்டி என்கிறீர்கள், ஒரு நாள் உட்கார்ந்து அதைக் கழற்றிப் பாருங்கள். கிரீஸ் இருந்த அடையாளமே இல்லாமல் துருப்பிடித்திருந்தால் ஆச்சரியப்படமாட்டேன். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பெட்ரோலில் அலசவேண்டாம், ஒட்டு விட்டுப்போகும். ஃபில்டர் கிளீனரில் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஃபில்டர் ஆயில் தடவுங்கள்.

விழுந்தால் இன்ஜினை அணைக்கும், மணிக்கட்டில் மாட்டும் கில் ஸ்விட்ச் கயிறு இல்லாமல் புல்தரையில்கூட ஓட்டவேண்டாம். அப்புறம், போட்டிக்குப் பெயர் கொடுக்கும் முன் அருகிலுள்ள கிளப்பில் ஒருநாள் அப்சர்வராக (புள்ளி குறிப்பவராக) நிற்கிறேன் என்று கேளுங்கள். அவர்களுக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை, மறுக்கமாட்டார்கள். ஒரே பாறையில் வரிசையாகப் பலர் ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். அவர்கள் இடது கை விரலைக் கவனியுங்கள்.