வீட்டில் வளர்க்கும் கோழிகள் முட்டையைக் குறைத்துவிட்டன, தீவனத்தை மாற்றினால் சரியாகுமா?

பெரும்பாலும் சரியாகும். ஆனால் கேள்வியோடு சேர்த்து "அரிசியும் சோறும் வயிறு நிறையத்தான் போடுகிறோம்" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த வரியைப் படித்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நானும் இதையேதான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை, பண்ணைக்காரியும் இல்லை. மடிப்பாக்கத்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற துண்டு இடத்தில் ஐந்து பெட்டைகள், அவ்வளவுதான். ஐந்து கோழியை வைத்துக்கொண்டு பாடம் எடுக்க வந்துவிட்டாள் என்று நாமக்கல்காரர்கள் யாரும் கிளம்ப வேண்டாம்.

கொரோனா ஊரடங்கு தளர்ந்த கையோடு பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் வாங்கியவை. விற்றவர் சுத்தமான நாட்டுக்கோழி என்று சத்தியம் செய்தார். இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும், வருடத்துக்கு 60, 80 தேறினால் பெரிது. இவை அடைப் பேச்சே இல்லாமல் வாரத்துக்கு ஆளுக்கு நாலைந்து என்று இட்டுத் தள்ளின. ஏதோ கலப்பு. நாங்கள் போட்டது ரேஷன் அரிசி, மீந்த சோறு, காலையில் மிஞ்சிய இட்லி, அதோடு கடையில் "கோழித் தீவனம்" என்று கேட்டு வாங்கிய ஒரு மூட்டை. எந்தக் கோழிக்கு என்று கடைக்காரரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாலு மாதம் அமோகம். அப்புறம் தினம் மூன்று நான்கு என்று இருந்தது ஒன்றாயிற்று, சில நாள் ஒன்றுகூட இல்லை. மாமியார் கண்ணேறு என்றார், கூட்டில் மிளகாய் கட்டினார். எனக்கு வேறு சந்தேகம். எழுதவே கூச்சமாக இருக்கிறது. வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்காதான் காலையில் பின்பக்கம் பெருக்குவார். நான் நேராக ஒன்றும் கேட்கவில்லை. "முட்டைக் கணக்கு சரியாவே வரமாட்டேங்குதேக்கா" என்று பொதுவாகச் சொல்வதுபோல் இரண்டு முறை சொன்னேன். அவருக்குப் புரியாமல் இருக்குமா? மாதம் முடிந்ததும் சம்பளத்தை வாங்கிக்கொண்டு, முழங்கால் வலி என்று நின்றுவிட்டார்.

அதன் பிறகும் கணக்கு சரியாக வரவில்லை. ஒரு நாள் மத்தியானம் துணி காயப்போடப் போனவள் கண்ணெதிரே கறுப்புப் பெட்டை வைக்கோலில் முக்கி எழுந்து ஒரு முட்டையைப் போட்டது. ஓடே இல்லை, வெறும் தோல். தண்ணீர் அடைத்த பலூன்போலத் தளதளவென்று கிடந்தது, உள்ளே மஞ்சள் கரு நிழலாகத் தெரிந்தது. நான் குனிவதற்குள் மற்றதுகளில் இரண்டு ஓடிவந்து ஒரே கொத்து. தோல் முதற்கொண்டு உள்ளே போய்விட்டது, வைக்கோலில் கொஞ்சம் ஈரம்தான் மிச்சம். அந்த ஈரத்தை வாரக்கணக்கில் பார்த்திருக்கிறேன். தண்ணீர்க் கிண்ணம் சாய்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே வாரம் கறுப்புப் பெட்டைக்குக் கால் விழுந்தது, எழுந்து நிற்கவே முடியவில்லை. கூடையில் வைத்து ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் என்ன தீனி என்று கேட்டார், நான் வழக்கம்போலப் பெருமையாகச் சொன்னேன், கையோடு கொண்டுபோயிருந்த தீவனத்தையும் காட்டினேன். அவர் சிரித்தார். "ஏம்மா, இதுங்க கிட்ட முட்டை கேக்குறீங்களா, கறி கேக்குறீங்களா?" அது பிராய்லர் தீவனம். கறிக்கோழி சீக்கிரம் எடை போடுவதற்கானது. அதில் சுண்ணாம்புச் சத்து சுமார் 1 சதவீதம்தான். முட்டைக்கோழிக்கு 3.5 முதல் 4 சதவீதம் வேண்டும்.

அவர் சொன்னதில் மனதில் தைத்தது இதுதான். ஒரு முட்டை ஓட்டுக்கு மட்டும் கிட்டத்தட்ட 2 கிராம் கால்சியம் போகிறது. முட்டை உருவாக ஆகிற ஒரு நாளில் 20 மணி நேரம் ஓடு கட்டவே போய்விடுகிறது, அதில் பெரும் பகுதி ராத்திரி. அந்த நேரத்தில் குடலில் சுண்ணாம்பு இல்லையென்றால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு கட்டும். அதுவும் தீர்ந்தால் தோல் முட்டை, அப்புறம் முட்டையே நின்றுவிடும். நான் மூன்று வேளையும் சோறு போட்டுக் குளிர்ந்துபோயிருக்க, அது தன் எலும்பைக் கரைத்து எனக்கு ஆம்லெட் தந்துகொண்டிருந்திருக்கிறது.

சோற்றின் கதையும் அதேதான். அரிசியில் புரதம் 7 சதவீதம் அளவில்தான் இருக்கும், முட்டை இடுகிற கோழிக்கு 16 முதல் 18 வேண்டும். சோற்றால் வயிற்றை நிரப்பிக்கொண்டால் அது நல்ல தீவனத்தைத் தொடாது, உள்ளே கொழுப்பு சேரும், கொழுத்த கோழி முட்டையைக் குறைக்கும். ஒரு கோழி ஒரு நாளைக்குத் தின்பதே 100, 110 கிராம். அதில் பாதி இட்லி என்றால் என்ன மிஞ்சும், சொல்லுங்கள்.

நான் மாற்றியது பெரிதாக ஒன்றுமில்லை. லேயர் தீவனம், அதாவது முட்டைக்கோழிக்கானது, என்று பெயர் சொல்லிக் கேட்டு வாங்கினேன். தனிக் கிண்ணத்தில் உடைத்த கிளிஞ்சல், சாயங்காலம் நாலு மணிக்கு மேல். தூளாக இல்லாமல் கொஞ்சம் கொரகொரப்பாக இருந்தால் வயிற்றில் தங்கி ராத்திரி முழுக்க மெல்லக் கரையும். வேண்டுமென்கிற கோழி தின்னும், வேண்டாததுகள் தொடாது, அந்தக் கணக்கு அவற்றுக்கே தெரிகிறது. வீட்டு முட்டை ஓட்டையும் வறுத்து இடித்துப் போடலாம், முழு ஓடாகப் போட்டு முட்டை தின்னப் பழக்கிவிடாதீர்கள். மாமியார் வெற்றிலைச் சுண்ணாம்பைத் தண்ணீரில் கலக்கச் சொன்னார், எனக்குத் துணிச்சல் வரவில்லை. சோறு இப்போது ஒரு கைப்பிடி, அதுவும் ஆசைக்கு. ஓடு ஒரு வாரத்தில் கெட்டிப்பட்டது, எண்ணிக்கை ஏற ஒரு மாதம் ஆனது. கறுப்புப் பெட்டையும் எழுந்துவிட்டது.

கீழ்க்கட்டளையில் அந்த வேலைக்கு வந்த அக்கா வீட்டுக்கு ஒரு டஜன் முட்டையோடு போனேன். நடந்ததைச் சொன்னேன். முட்டையை வாங்கிக்கொண்டார், காப்பி போட்டுக் கொடுத்தார். வேலைக்கு மட்டும் திரும்பி வரவில்லை.

முட்டையைப் பற்றிப் பேசும்போது இதையும் கொட்டிவிடுகிறேன். பழுப்பு ஓடு இருந்தாலே நாட்டுக்கோழி முட்டை என்று இரண்டு மடங்கு விலை வைக்கிற கடைகளும், அதை வாங்கி வந்து என் வீட்டு முட்டையோடு ஒப்பிட்டு "உன்னுது வெளுப்பா இருக்கே" என்கிற சொந்தக்காரர்களும்! ஓட்டின் நிறம் கோழியின் ஜாதியைப் பொறுத்தது, தீனியால் மாறாது. தீனியால் மாறுவது உள்ளே இருக்கிற மஞ்சள் கரு. மக்காச்சோளமும் முருங்கைக்கீரையும் போட்டால் ஆரஞ்சாகும், அரிசியே போட்டால் வெளிறும். இலவசமாக வாங்கித் தின்றுவிட்டுக் குறை வேறு.

சரி, உங்கள் விஷயம். எல்லாவற்றுக்கும் தீனிதான் காரணம் என்று சொல்லமாட்டேன், உடனே யாராவது சண்டைக்கு வருவார்கள். இறகு உதிர்க்கிற காலத்தில் முட்டை நிற்கும், வயதானால் குறையும், பகல் குறுகுகிற மாதங்களிலும் குறையும், வெளிச்சம் 14 மணி நேரமாவது வேண்டும். கத்திரி வெயிலில் வாயைப் பிளந்து மூச்சு வாங்கும்போது தீனியும் இறங்காது, ஓடும் மெலியும். மே மாதம் நான் விடியற்காலையிலும் பொழுது சாய்ந்தும்தான் தீனி வைக்கிறேன், தண்ணீரை மட்டும் நாலு முறை மாற்றுகிறேன். முட்டையில் முக்கால் பங்கு தண்ணீர், ஒரு மத்தியானம் கிண்ணம் காய்ந்தால்கூட மறுநாள் காட்டிக்கொடுத்துவிடும். ஐப்பசி மழையில் நமத்துப்போய்ப் பூஞ்சை வாடை அடிக்கிற தீவனத்தைக் காசு போனாலும் கொட்டிவிடுங்கள்.

முதலில் கூட்டு வைக்கோலில் கை வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று இருந்தால் அங்கேயும் தோல் முட்டைதான், கிளிஞ்சலை இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.