பச்சைக் கிறிஸ்துமஸுக்கு 70,000 ரூபாயா?

கேள்வி: நாங்கள் நாகர்கோவிலில் வசிக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குச் செல்கிறோம்; இருவருக்குமாக மாதம் 64,000 ரூபாய் கைக்கு வருகிறது. பிள்ளைகள் இருவர், மாமனார், மாமியாருடன் வீட்டில் ஆறு பேர். சென்ற கிறிஸ்துமஸுக்கு 61,400 ரூபாய் செலவானது: துணி 24,000, பலகாரம், கேக், விருந்து 13,500, பரிசுகள் 9,000, இயேசு பிறப்புக் குடிலும் அலங்காரமும் 7,500, காணிக்கையும் கேரல் குழுவினருக்கான உபசரிப்பும் 4,000, பட்டாசு 3,400. இதில் 38,000 ரூபாயைக் கிரெடிட் கார்டில் போட்டு, மாதம் 6,000 வீதம் கட்டி, செப்டம்பரில்தான் முடித்தோம். பண்டிகை கழிந்த மூன்றாம் நாள், மீந்துபோன பிரியாணியையும் கேக்கையும் உடைந்த தெர்மகோலையும் குப்பை வண்டியில் போட்டபோது மனம் உறுத்தியது. அதனால் இந்த முறை குப்பையில்லாத கிறிஸ்துமஸாகக் கொண்டாட விரும்புகிறேன். ஆனால் மூங்கில் ஸ்டார், விதைத்தாள் வாழ்த்து அட்டை, சணல் பைகள், களிமண் குடில் செட், இயற்கைப் பருத்தி ஆடைகள் என்று பட்டியல் போட்டால் 70,000 ரூபாயைத் தாண்டுகிறது. இணையக் கடையில் ஆறு மாத 'நோ காஸ்ட் இ.எம்.ஐ.' கிடைக்கிறது. ஆர்.டி. எனும் தொடர் வைப்புக் கணக்கில் 36,000 ரூபாய் இருக்கிறது. எதை எடுப்பது? பழைய பிளாஸ்டிக் மரத்தைத் தூக்கிப் போட்டுவிடலாமா? செலவைக் குறைத்தால் மாமியார் கஞ்சத்தனம் என்பாரே, அதற்கு என்ன வழி? கார்டு கடன் முடிந்ததால் அக்டோபரிலும் நவம்பரிலும் மாதத்துக்கு 6,000 வீதம் மிச்சமான பணத்தை நாங்கள் இன்னும் தொடவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியே எனக்கு மிகவும் பிடித்த வரி. பதிலும் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில், சென்ற ஆண்டுக் கணக்கில் நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு செலவைச் சேர்க்க வேண்டும். கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், அந்த வட்டியின்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து, 38,000 ரூபாயை மாதம் 6,000 வீதம் அடைக்க எட்டு மாதம் ஆகும். வட்டியும் வரியுமாக ஏறத்தாழ 7,000 ரூபாய் போயிருக்கும். அதாவது குடிலுக்கும் அலங்காரத்துக்கும் நீங்கள் செலவழித்த அளவுக்குக் கிட்டத்தட்ட இன்னொரு தொகை, வீட்டில் ஒரு விளக்குகூட எரியாமல் கரைந்துவிட்டது. குப்பை வண்டியில் ஏறாத இந்த விரயத்தைத்தான் நான் முதலில் நிறுத்தச் சொல்வேன்.

'நோ காஸ்ட்' தவணையும் அதே வழிதான், கொஞ்சம் அழகாகப் போடப்பட்ட வழி. வட்டியில்லாக் கடன் என்று எதுவும் இல்லை என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டிக்கு ஈடான தொகையைக் கடைக்காரர் தள்ளுபடியாகக் காட்டுகிறார். வங்கி அதே தொகையை வட்டியாக வசூலிக்கிறது. அந்த வட்டிக்கான ஜி.எஸ்.டி.யும், பல வங்கிகளில் செயலாக்கக் கட்டணமும் உங்கள் தலையில் விழுகின்றன. ரூபாய்க் கணக்கில் இது சிறியதாகவே இருக்கலாம். ஆனால், தவணை இருக்கிறது என்ற தைரியத்தில்தானே உங்கள் பட்டியல் 70,000 ரூபாய்க்கு வளர்ந்தது? பிளாஸ்டிக்குக்குப் பதிலாகச் சணல், தெர்மகோலுக்குப் பதிலாக மூங்கில் என்று பொருளை மாற்றியிருக்கிறீர்களே தவிர, வாங்கும் எண்ணிக்கையை நீங்கள் குறைக்கவில்லை. புதிதாக வாங்கும் சணல் பையைவிட, வீட்டில் ஏற்கெனவே தொங்கும் மஞ்சப்பைதான் சுற்றுச்சூழலுக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது.

பிளாஸ்டிக் மரத்தைத் தூக்கிப் போடாதீர்கள். அதைத் தயாரித்ததால் ஏற்பட்ட கேடு ஏற்பட்டுவிட்டது. இனி அதை எத்தனை ஆண்டு பயன்படுத்துகிறீர்கள் என்பது மட்டுமே உங்கள் கையில் இருக்கிறது. 2,800 ரூபாய் மரத்தை இரண்டே கிறிஸ்துமஸுக்குப் பிறகு எறிந்தால் ஆண்டுக்கு 1,400 ரூபாய் செலவு. பன்னிரண்டு ஆண்டு வைத்திருந்தால் ஆண்டுக்கு 233 ரூபாய்தான். மரமே இல்லாத வீடாக இருந்தால் ஒரு சவுக்குக் கிளை போதும் என்றிருப்பேன்.

குடிலுக்கு மட்டும் பழையபடி தெர்மகோல் வாங்க வேண்டாம். அலங்காரத்துக்கான தெர்மகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட பொருள். எங்காவது கிடைக்கிறது என்பதற்காக வாங்குவது சரியல்ல. 1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரெச்சியோ என்ற ஊரில் அசிசியின் புனித பிரான்சிஸ் அமைத்த குடிலில் தீவனத் தொட்டியும் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும்தான் இருந்தன. மாட்டையும் கழுதையையும் உங்கள் வரவேற்பறைக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை, வைக்கோலைக் கொண்டுவரலாம். 6,500 ரூபாய்க்குப் புதிய களிமண் செட்டும் தேவையில்லை. இருக்கும் சுரூபங்களில் கை உடைந்த ஞானி, காது போன ஆடு ஆகியவற்றுக்குப் பசையும் ஒரு சின்ன டப்பா பெயின்டும் போதும். தீரவே முடியாமல் உடைந்த ஒன்றிரண்டை மட்டும் களிமண்ணில் வாங்குங்கள். மதுரை அருகே விளாச்சேரியில் கிறிஸ்துமஸ் காலத்தில் குடில் பொம்மைகள் செய்கிறார்கள், அப்படிப்பட்ட கைவினைஞர்களுக்கு அந்தப் பணம் போகட்டும். ஸ்டாரின் சட்டம் பரணில் இருக்கும். அதற்குப் புதுத் தாள் ஒட்டுவது பிள்ளைகளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. உள்ளே 9 வாட் எல்.இ.டி. பல்பைப் போட்டு, இரவு ஆறு மணி நேரம் வீதம் ஒரு மாதம் எரித்தாலும் இரண்டு யூனிட்கூட ஆகாது. எனவே விளக்கைக் குறைத்துச் சேமிக்கலாம் என்ற கணக்கில் நேரத்தைச் செலவிட வேண்டாம். ஜிகினா மாலைகளை மட்டும் இனி வாங்காதீர்கள். உலோகப் பூச்சுப் பூசிய அந்தப் பிளாஸ்டிக்கை எந்தப் பழைய சாமான் கடைக்காரரும் எடுப்பதில்லை. எல்லாம் சேர்த்து அலங்காரம் 1,200 ரூபாய்க்குள் அடங்கும்.

பெரிய தொகை துணியில் இருக்கிறது. 24,000 ரூபாய் என்பது கிறிஸ்துமஸுக்கு ஒன்று, புத்தாண்டுக்கு ஒன்று என ஆறு பேருக்குப் பன்னிரண்டு உடைகள், உடைக்குச் சராசரியாக 2,000 ரூபாய் என்று எடுத்துக்கொள்கிறேன். பெரியவர்கள் நால்வருக்கும் புத்தாண்டு உடை தேவையா என்று யோசியுங்கள். எல்லாருக்கும் கிறிஸ்துமஸுக்கு ஒரு நல்ல உடை, வளரும் பிள்ளைகளுக்கு மட்டும் புத்தாண்டுக்கு 1,500 ரூபாயில் இன்னொன்று என்றால் 15,000 ரூபாயில் முடியும். பருத்தி வேண்டுமென்றால் விலையுயர்ந்த 'ஆர்கானிக்' முத்திரையைத் தேடுவதற்கு முன் கோ-ஆப்டெக்ஸின் பண்டிகைத் தள்ளுபடியைப் பாருங்கள். கைத்தறிப் புடவை பத்து ஆண்டு உழைக்கும்.

விருந்துக்கு வருவோம். வீட்டாரையும் சேர்த்து 20 பேருக்கென்று நான்கு கிலோ அரிசியும் ஐந்து கிலோ ஆட்டிறைச்சியும் போட்டதாகவும், 14 பேர்தான் சாப்பிட்டதாகவும் இன்னொரு பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். ஒரு கிலோ அரிசியில் செய்த பிரியாணி எட்டுப் பேருக்குத் தாராளம் என்பதால், 32 பேருக்கான அண்டாவை 14 பேர் முன்னால் இறக்கியிருக்கிறீர்கள். இந்த முறை 22-ஆம் தேதியே ஒவ்வொருவரையும் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். 20 பேரும் வந்தாலும் இரண்டரைக் கிலோ அரிசி, மூன்று கிலோ இறைச்சி போதும். கிலோ 900 ரூபாய் என்று பார்த்தால் இறைச்சியில் மட்டும் 1,800 ரூபாய் நிற்கும். கேக்கை நீங்கள் ஒரு கிலோவுக்கு மேல் வாங்க வேண்டாம், வருகிற ஒவ்வொருவரும் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வருவார்கள். முந்திரிக்கொத்தையும் அச்சுமுறுக்கையும் அதிரசத்தையும் குறைக்கச் சொல்லும் தைரியம் எனக்கில்லை. அவை வாரக்கணக்கில் கெடாது, வீணாவதும் இல்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுக்காமல் எவர்சில்வர் டப்பாவிலோ ஓலைக் கொட்டானிலோ கொடுத்தனுப்புங்கள். டப்பா திரும்பி வரும்போது பெரும்பாலும் வெறுமையாக வராது என்பது உங்களுக்கே தெரியும். சாப்பாட்டுக்கு வாழை இலை. கேரல் குழுவினருக்குத் தேநீர் ஆலயத்து எவர்சில்வர் டம்ளர்களில். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பைகளும் தட்டுகளும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடையில் இருக்கின்றன. உணவுக் கணக்கு 9,500 ரூபாய்.

பரிசுகளை, உடன்பிறந்தோர் குடும்பங்கள் அனைத்தும் சேர்ந்து சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்: ஒருவருக்கு ஒரு பரிசு, 500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. உங்கள் வீட்டின் ஆறு பேருக்கு 3,000 ரூபாய். ஞானஸ்நானத்தில் நீங்கள் ஞானப்பெற்றோராக நின்ற ஞானப்பிள்ளைகள் இருவருக்கும் தனியாக 750 வீதம். அவர்களில் பத்து வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை இருந்து, பெற்றோர் செல்வமகள் சேமிப்புக் கணக்குத் தொடங்கியிருந்தால், அந்த 750-ஐ அதில் போடச் சொல்லிக் கொடுங்கள். பொட்டலம் கட்டத் தாளும் வேண்டாம். மற்றப் பரிசுகளை, கிழித்தெடுத்த மாதக் காலண்டர் தாளில் சுற்றலாம்.

பட்டாசைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நள்ளிரவுகளில் 11.55 முதல் 12.30 வரை, அதாவது 35 நிமிடம் மட்டுமே வெடிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் வரையறுத்தது. ஓர் இரவில் 3,400 ரூபாய் என்றால் நிமிடத்துக்கு 97 ரூபாய். பிள்ளைகளுக்காக 800 ரூபாய்க்கு மத்தாப்பும் சாட்டையும் போதும். காணிக்கையிலும் கேரல் உபசரிப்பிலும் கை வைக்க வேண்டாம். அந்த 4,000 அப்படியே இருக்கட்டும்.

கூட்டினால் 35,000 ரூபாய். இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். சென்ற ஆண்டு கார்டு போக ரொக்கமாக 23,400 ரூபாய் உங்களால் திரட்ட முடிந்தது. அதனுடன் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களில் மிச்சமாகும் 18,000 ரூபாயைச் சேர்த்தால் 41,400. ஆர்.டி.யைத் தொடாமல், தவணைக்குப் போகாமல், 6,400 ரூபாய் மீதியுடன் கிறிஸ்துமஸ் முடியும். திடீரென்று மருத்துவச் செலவு போன்ற ஏதாவது வந்து துண்டு விழுந்தால், கார்டைத் தேய்ப்பதைவிட ஆர்.டி.யை உடைப்பதே மேல். வட்டியில் கொஞ்சம் பிடித்தம் போகும், ஆனால் ஆண்டுக்கு 42 சதவீதத்தில் கடன்படும் இழப்போடு அதை ஒப்பிடவே முடியாது. ஆர்.டி.யின் மீது கடன் தரும் வங்கியாக இருந்தால் அது இன்னும் நல்லது. ஜனவரியிலிருந்து கிறிஸ்துமஸுக்கென்றே மாதம் 3,000 ரூபாயில் தனி ஆர்.டி. ஒன்றைத் தொடங்குங்கள், நவம்பரில் 33,000 ரூபாயும் வட்டியும் கையில் இருக்கும், மீதி 6,400 அதற்குத் துணை நிற்கும்.

மாமியாரைப் பொறுத்தவரை, செலவைக் குறைக்கிறோம் என்று பேச்சைத் தொடங்காதீர்கள். அவர் சிறுமியாக இருந்தபோது குடிலில் புல் எப்படி வளர்த்தார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும், தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகு தூவிய கதை வரும். அந்தப் பொறுப்பை அவரிடமே கொடுத்துவிடுங்கள்: ஒரு கைப்பிடி கேழ்வரகை ஓர் இரவு ஊறவைத்து, டிசம்பர் 13-ஆம் தேதி வாக்கில் தூவி, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து வந்தால், 24-ஆம் தேதி இரவு நீங்கள் ஆலயத்துக்குப் புறப்படும்போது விரல் உயரத்துக்குப் புல் நிற்கும்.