பிரெஞ்சை ‘சரளம்’ என்று போடலாமா?

நான்கு வருடம் பள்ளியில் பிரெஞ்சு. வாசித்தால் புரிகிறது, பேச வாய் வரவில்லை. விண்ணப்பத்தில் ‘சரளம்’ என்று போடலாமா என்கிறீர்கள். வேண்டாம். நேர்காணலில் யாராவது பிரெஞ்சில் இரண்டு கேள்வி கேட்டாலே மாட்டிக்கொள்வீர்கள்.

மொழித்திறனை அளக்கும் சிஇஎஃப்ஆர் என்னும் ஐரோப்பியச் சட்டகத்தில் ஏ1 (தொடக்கம்) முதல் சி2 (உச்சம்) வரை ஆறு நிலைகள் உண்டு. ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனியாக எழுதுங்கள்: ‘பிரெஞ்சு: வாசிப்பு பி1, எழுத்து ஏ2, பேச்சு ஏ2 (சுயமதிப்பீடு)’. அந்தக் கடைசிச் சொல்லை விட்டுவிட்டால் சான்றிதழ் எங்கே என்று கேட்பார்கள்.

பழகிய விஷயத்தில் எளிய கேள்வி பதில் மட்டும் என்றால் ஏ2. பயணத்தில் வரும் பெரும்பாலான சூழலைச் சமாளித்து, உங்கள் கருத்துக்குச் சுருக்கமாகக் காரணமும் சொல்ல முடிந்தால் பி1. தாய்மொழியாளரோடு இருவருக்கும் சிரமமில்லாமல் உரையாட முடிந்தால்தான் பி2. இரண்டு நிலைகளுக்கு நடுவில் நின்றால் கீழ்நிலையைப் போடுங்கள்.

டெல்ஃப் என்னும் பிரெஞ்சுச் சான்றிதழ்த் தேர்வு எழுதியிருந்தால் நிலையோடு ஆண்டும் மதிப்பெண்ணும் சேருங்கள். தேர்ச்சிக்கான மொத்த மதிப்பெண் 100க்கு 50தான் என்பதால் நல்ல மதிப்பெண்ணை மறைக்காதீர்கள்.

படிவத்தில் பேச, வாசிக்க, எழுத என வெறும் கட்டங்கள்தான் இருக்கிறதா? வாசிப்பை டிக் செய்யுங்கள், பேச்சை விட்டுவிடுங்கள், நிலையைக் கூடுதல் தகவல் பகுதியில் ஒரே வரியில் எழுதுங்கள்.